நான்கு டாங்கர் பால்

விடியற்காலை மூன்றே முக்கால்.
விஸ்கான்சினில் பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு.
டாங்கரை நிறுத்திவிட்டு ஆர்லன்
என் ஜன்னல் வழியாக ஒரு குப்பியை நீட்டுகிறான்.
சீஸ் தொழிற்சாலை வாசலில்
பாலுக்கு விசா கொடுப்பவள் நான்.

பட்டையில் பாலை ஊற்றி, சூட்டில் வைத்து,
எட்டு நிமிடம்.

எட்டு நிமிடத்துக்கு என் சம்பளம்
இரண்டு டாலர் ஐம்பத்தொன்பது சென்ட்.
ஆர்லனுக்கு, சும்மா நிற்பதற்கே, மூன்று அறுபது.
என் கல்விக் கடனுக்கு வட்டி நான்கு சென்ட்.
நான்கு சென்ட்தானே.
ஆனால் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தால்
சம்பளமும் என்னோடு படுத்துக்கொள்ளும்.
வட்டிக்கு ஷிஃப்ட் முடிவதில்லை.

"இந்தக் காகிதத்தப் பாக்கவா நாலு வருஷம் படிச்ச?"
கேலி இல்லை. காபியை ஊதிக்கொண்டே கேட்கிறான்.
அவன் மச்சினி போன குளிர்காலம் வரை
இதே நாற்காலியில் இருந்தாள்,
வெறும் பள்ளிப் படிப்போடு,
மணிக்கு நாற்பது சென்ட் குறைவாக.

ஆக, என் உயிர்வேதியியல் மணிக்கு நாற்பது சென்ட்.
நாற்பத்தோராயிரத்து அறுநூறை அதால் வகுத்துப் பார்த்தேன்,
கையுறை அட்டைப் பெட்டியின் பின்புறத்தில்.
சரியாக ஐம்பது வருஷம்.
மிச்சம் வராத கணக்கு.
வட்டியைச் சேர்க்க இடமில்லை, பெட்டி சிறியது.

முதலாம் ஆண்டில் சர்க்கரை உடையும் கதையைச் சொன்னார்கள்:
செல் முதலில் கைக்காசு இரண்டைப் போடும்,
பிறகு நான்கு வரும், லாபம் இரண்டு.
அரங்கமே தலையாட்டியது.
சேர்க்கைக் கையேட்டின் சம்பள வரைபடமும்
அதே சாய்வில்தான் ஏறியிருந்தது.
பத்துப் படிகளில் ஏழாவதில்தான் முதல் வரவு என்பதை
தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்தேன்.
நான் ஆறாம் படியில் நிற்கிறேன்.
ஏழாம் படிக்கு முனைவர் பட்டம் வேண்டுமாம்.
அதற்கும் கடன் தருவார்கள்.

மணி அடிக்கிறது.
முதல் கோடு சிவப்பாக இருக்கிறது.
இரண்டாவது, குளிரில் வெளிறிய உதடு மாதிரி.

மறுபடி செய்கிறேன். மறுபடியும்.
ஆர்லன் காபியைக் கீழே வைத்துவிட்டான்.

ஓல்சக் பண்ணை. இருபத்திரண்டு டன்.
இன்றைய விலைக்குப் பத்தாயிரத்து நானூறு டாலர்.
அப்படியென்றால் என் கடன் நான்கு டாங்கர்.
நினைக்கக் கூடாத நேரத்தில் நினைத்தேன்,
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்,
வகுத்தல் மட்டும் நிற்கவில்லை.

தொலைபேசியில் கெரிட் ஓல்சக்.
பின்னால் கறவை இயந்திரத்தின் மூச்சு.
"முந்நூத்திப் பதினேழு," என்கிறார் உடனே.
"மடி வீக்கம். ஊசி போட்டோம். காலில் பட்டை கட்ட மறந்துட்டான் பையன்."
கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும் பேசுகிறது.
"நீ படிச்சவ, மேரன். சொல்லு.
தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?"

நான்கு மூலை வளையம் ஒன்று உண்டு,
பென்சிலினின் நடுவில், வளைத்துக் கட்டிய சதுரம்,
எப்போது அவிழலாம் என்று இறுகி நிற்கும்.
அது எதைப் பிடிக்கும், பிடித்தால் ஏன் கோடு மங்கும்,
மூன்று முறையும் ஏன் ஒரே மாதிரி மங்கும் என்பதெல்லாம்
எனக்குத் தெரியும்.
ஆர்லனின் மச்சினிக்கு நிறம் மட்டும் தெரிந்திருக்கும்.
அவளால் ஒருவேளை "இருக்கலாம்" என்று சொல்ல முடிந்திருக்கும்.
ஒரு நிமிட ஆறுதலாவது.

"இல்லை," என்றேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
படிவத்தில் எடை எழுதினேன், நேரம் எழுதினேன்,
என் பெயரை முழுதாக எழுதினேன்.
ஆர்லன் சாணக் குட்டைக்கு வண்டியைத் திருப்பினான்.
அவனுக்கு இன்றைக்கு ஓவர்டைம்.

பின்னால் அடுத்த டாங்கர் ஹாரன் அடிக்கிறது.
ஜன்னலைத் திறக்கிறேன்.
எட்டு நிமிடம்.
நான்கு சென்ட்.